பெயரின் பாதி எங்கே போனது?

ஆண்டு விழா முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மதிய உணவு இடைவேளையில் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி ஒருத்தி கணினி ஆய்வக வாசலில் தயங்கி நின்றாள். கையில் ஒரு சான்றிதழ். “மிஸ், நான் கோலப் போட்டியில கலந்துக்கவே இல்ல. என் பேர்ல சர்ட்டிபிகேட் வந்திருக்கு” என்றாள். வாங்கிப் பார்த்தேன். ‘வாணி, 8ஆம் வகுப்பு, கோலம்’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. கோலப் போட்டியில் வென்றவள் அ பிரிவைச் சேர்ந்த ச. கோகிலவாணி. (இரு மாணவியரின் பெயர்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன்.) ‘வாணி’ என்ற சான்றிதழைப் பார்த்த வகுப்பாசிரியர், அந்தப் பெயரில் தம் வகுப்பில் யாரும் இல்லை என்று பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிட்டார். அங்கே உண்மையாகவே ஒரு வாணி இருந்தாள். கோகிலவாணியோ தனக்குப் பரிசு இல்லை என்று எண்ணி, வீட்டிலும் அப்படியே சொல்லிவிட்டாள்.

முதலில் அச்சகத்தின் மீதுதான் சந்தேகம் போனது. ஆனால் 240 பெயர்களையும் சான்றிதழ் வடிவத்தில் அடுக்கி அச்சுக்குக் கொடுத்தது நான் எழுதிய பைத்தான் நிரல். தவறு என்னுடையது. அதைத் தேடிப் போனபோது, உலகெங்கும் நிரலாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி ஒன்றில் வந்து நின்றேன். அந்தக் கேள்வியையும் அதன் அக்கம்பக்கத்துக் கேள்விகளையும் நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை. கணினி ஆசிரியர் அல்லாதவர்களும் படிக்கலாம். இடையில் தமிழ் எழுத்து பற்றி ஒரு வேடிக்கையும் இருக்கிறது.

என் பட்டியல் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் இருந்தது. ஒரு பதிவு இப்படி இருக்கும்:

<மாணவர்>
<பெயர்>ச. கோகிலவாணி</பெயர்>
<வகுப்பு>8</வகுப்பு>
<போட்டி>கோலம்</போட்டி>
</மாணவர்>

எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கோணக் குறிகளுக்குள் எழுதிக் காட்டுகிறோம். அந்தக் குறிகளைத்தான் நம் பாடநூல் ஒட்டு என்கிறது. ஒட்டின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறை 1998 பிப்ரவரியில் வெளியானபோதே தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடம் இருந்தது. இது ஏதோ தொலைவில் இருக்கும் தொழில்நுட்பம் அல்ல. நாம் அன்றாடம் பாடக்குறிப்பு தட்டச்சிடும் வேர்டு கோப்பு, லிபர் ஆஃபிஸ் கோப்பு இரண்டும் உள்ளே எக்ஸ்எம்எல் தாள்களைச் சுருட்டி வைத்த ஜிப் பொட்டலங்களே. ஒரு நகல் எடுத்து, பெயரின் வால்பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

இந்த ஒட்டுகளைப் பிரித்துப் படிக்கும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். நான் பயன்படுத்தியது எக்ஸ்பாட். எக்ஸ்எம்எல் விதிமுறையை வகுத்த குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் கிளார்க் அதை சி மொழியில் எழுதினார். திறந்த மூல நூலகம். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தும் பார்க்கலாம். பைத்தானை நிறுவும்போது எக்ஸ்பாட்டும் கூடவே வந்துவிடுகிறது. ஃபயர்பாக்ஸ் உலாவிக்குள்ளும் அது உண்டு.

எக்ஸ்பாட்டிடம் முதலில் வருபவர்கள் கேட்பது: “கோப்பைக் கொடுத்தேன், முழுப் பட்டியல் எங்கே?” பட்டியல் எதுவும் அது தராது. கோப்பை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே போகும். ஒட்டு தொடங்கினால் நம்முடைய ஒரு செயற்கூற்றை அழைத்துச் சொல்லும். உள்ளே எழுத்து வந்தால் இன்னொரு செயற்கூற்றை அழைத்து அதைக் கொடுக்கும். ஒட்டு முடிந்தால் மூன்றாவதை அழைக்கும். சொல்லி முடித்ததும் அதை மறந்துவிடும். சொல்வதெழுதுதல் நடத்தும் ஆசிரியரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பது அவர் வேலை, எழுதிக்கொள்வது நம் வேலை. முழுக் கோப்பையும் ஒரு மரமாக நினைவகத்தில் கட்டித் தரும் கருவிகளும் உண்டு. பைத்தானின் எலிமென்ட்ட்ரீ அப்படிப்பட்டது. அதுவும் அடியில் எக்ஸ்பாட்டைக் கொண்டுதான் படிக்கிறது. பள்ளி அளவிலான சிறு கோப்புகளுக்கு அதுவே போதும். நான் எக்ஸ்பாட்டை நேரடியாகப் பயன்படுத்தியதற்குக் காரணம் மாணவர்களுக்கு அதன் உள்வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. ஆசை தவறில்லை, அவசரம்தான் தவறு.

பெயர் எப்படி உடைந்தது?

என் நிரலில் எழுத்தைப் பெறும் செயற்கூறு ஒரே ஒரு வேலை செய்தது: வந்த எழுத்துத் தொடரைப் ‘பெயர்’ என்ற மாறியில் வைத்தது. ஒரு பெயருக்கு அந்தச் செயற்கூறு ஒருமுறைதான் அழைக்கப்படும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி எக்ஸ்பாட் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரே உரையை அது எத்தனை துண்டுகளாக வேண்டுமானாலும் தரலாம். இரண்டு ஒட்டுகளுக்கு இடையில் ஒரு பெயரும் இருக்கலாம், ஒரு நாவலும் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டுத் தருவதென்றால் அத்தனை நினைவகம் வேண்டும். ஆகவே கையில் வந்ததை உடனே கொடுத்துவிடுகிறது. வரி முடிந்தால் ஒரு துண்டு. இடையில் சிறப்புக் குறி வந்தால் அது தனித் துண்டு. நாம் கோப்பைப் பகுதி பகுதியாக ஊட்டினால், பகுதி முடியும் இடத்தில் ஒரு துண்டு.

நான் 4096 பைட்டு பைட்டாக ஊட்டினேன். நிரலை முதலில் 15 பெயர்களை வைத்துச் சோதித்தேன். மேலே உள்ளது போன்ற ஒரு பதிவு ஏறத்தாழ 217 பைட்டு. 15 பதிவுகள் 3,300 பைட்டைத் தாண்டாது. எல்லாம் முதல் ஊட்டலிலேயே முடிந்துவிட்டது, ஒரு பெயரும் உடையவில்லை. விழாவுக்கான 240 பதிவுகளோ ஏறத்தாழ 52,000 பைட்டு. பன்னிரண்டு இடங்களில் வெட்டு விழுந்தது. பதினொன்று ஒட்டுகளுக்குள்ளோ வெற்றிடத்திலோ விழுந்தன. ஒட்டு பாதியில் நின்றால் எக்ஸ்பாட் மீதி வரும்வரை காத்திருக்கும், அதனால் அங்கே சேதமில்லை. ஒரே ஒரு வெட்டு ‘ச. கோகில’ என்பதற்கும் ‘வாணி’ என்பதற்கும் நடுவில் விழுந்தது. முதல் துண்டு மாறியில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் துண்டு வந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்தது.

மிச்சமானது ‘கில’ என்றோ ‘ணி’ என்றோ இருந்திருந்தால் பிழை திருத்தியவர் கண்ணில் பட்டிருக்கும். வாணி என்பது நல்ல தமிழ்ப் பெயராக இருந்துவிட்டது. நிரலும் எந்தப் பிழைச்செய்தியும் தரவில்லை. இத்தகைய பிழைகளையே நான் மாணவர்களிடம் அதிகம் வலியுறுத்துகிறேன். நின்றுபோகும் நிரல் நல்ல நிரல். சிரித்த முகத்தோடு தவறான விடை தரும் நிரல்தான் ஆபத்து.

திருத்தம் மிகச் சிறியது. தொடக்க ஒட்டு வந்ததும் மாறியைக் காலி செய்யவேண்டும். துண்டு வரும்போதெல்லாம் இருப்பதோடு ஒட்டவேண்டும். முடிவு ஒட்டு வந்த பிறகே அதைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளவேண்டும். துண்டுகளைச் சேர்த்துத் தரும்படி கேட்கும் ஒரு வசதி பைத்தானில் உண்டு. ஆனால் அது இயன்றவரை மட்டுமே சேர்க்கும். ஊட்டல்களுக்கு நடுவே விழும் வெட்டை ஒட்டாது. அதை நம்பி இந்த மூன்று வரியை எழுதாமல் விடவேண்டாம்.

கணினியே இல்லாமல் இதை நடத்தலாம். நான் ஆறாம் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். மேலே உள்ள பதிவுகள் போல ஐந்தாறு பதிவுகளை ஒரு நீளத் தாளில், வரி பிரிக்காமல், தொடர்ந்து எழுதுங்கள். அளவுகோலை வைத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு. துண்டுச் சீட்டுகளை வரிசையாக ஒரு மாணவர் வாசிக்க, இன்னொருவர் பலகையில் பெயர்களை மட்டும் எழுதவேண்டும். முதல் சுற்றில், புதுச் சீட்டில் பெயர் வந்தால் பழையதை அழித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். வகுப்பே சிரிக்கும். இரண்டாம் சுற்றில், முடிவு ஒட்டைக் கேட்கும்வரை அழிக்காமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விதியை நாம் சொல்லவே தேவையிருக்காது.

எழுத்தை எண்ணுவது எப்படி?

அடுத்த கேள்விக்கு என்னைக் கொண்டுபோனது, பரிசளித்த கடைகளின் பட்டியல். அதில் ஒரு வரி இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

<பெயர்>அன்பு & சன்ஸ்</பெயர்>

எக்ஸ்பாட் இதைப் படிக்க மறுத்தது. அமைப்பு சரியில்லை, வரி 1, இடம் 14 என்றது. அருகில் இருந்த தமிழாசிரியரிடம், “ஐயா, பதினாலாவது இடம் எதுன்னு எண்ணிச் சொல்லுங்க, பூஜ்ஜியத்துல இருந்து எண்ணணும்” என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். கோணக்குறி பூஜ்ஜியம், பெ ஒன்று, ய இரண்டு, ர் மூன்று என்று போய் முடிவு ஒட்டின் கோணக்குறியில் நின்றார். “இது சரியாத்தானே இருக்கு? உங்க கருவிக்கு எண்ணத் தெரியலையே, டீச்சர்.”

கருவிக்கு எண்ணத் தெரியும். நம் முறையில் எண்ணவில்லை, அவ்வளவே. ‘பெயர்’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: ப, எகரக் குறி, ய, ர, புள்ளி. ‘அன்பு’ நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. அப்படி எண்ணினால் & குறி 13ஆம் இடத்திலும், அதன் பின்னுள்ள வெற்றிடம் 14ஆம் இடத்திலும் வரும். & வந்ததும், அதையடுத்து ஒரு பெயர் வரும் என்று எதிர்பார்த்த எக்ஸ்பாட், வெற்றிடத்தைக் கண்டு அங்கே விரலை வைக்கிறது. தமிழ்க் கோப்பில் பிழை தேடுபவர்கள் சொன்ன இடத்துக்குச் சற்று முன்னால் பார்க்கவேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைக் குறிப்பு. தமிழாசிரியர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப உயிர்மெய்யைப் பிரிச்சுத்தான் எண்ணுது, ஆனா அகரத்தை எண்ணல” என்றார். என்னைவிட அவர் சரியாகச் சொன்னார்.

இன்னொன்றும் இதனால் விளங்கியது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு. கோகிலவாணி நமக்கு ஐந்து எழுத்து, ஒன்பது குறியீடு, இருபத்தேழு பைட்டு. ஒரு குறியீட்டின் பைட்டுகளை எக்ஸ்பாட் பிய்த்துத் தராது. ஆனால் ககரத்துக்கும் அதன் ஓகாரக் குறிக்கும் நடுவே துண்டு முறிய வாய்ப்புண்டு. ‘கோ’ என்ற ஓரெழுத்துச் சொல்லே இரண்டு துண்டாக வரலாம் என்றால், துண்டுகளைச் சேர்க்காமல் எழுதிய நிரலைத் தமிழுக்குப் பயன்படுத்தவே கூடாது.

& குறியை எப்படி எழுதுவது? அந்தக் குறியோடு ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் சேர்த்து எழுதவேண்டும். இப்படி முன்கூட்டியே வரையறுத்த குறிகள் எக்ஸ்எம்எல்லில் ஐந்தே ஐந்து. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வெற்றிடத்துக்கான வேறொரு குறி கூடவே வந்துவிடும். அது ஐந்தில் சேராது, எக்ஸ்பாட் நின்றுவிடும்.

ஈரோடு மட்டும் ஏன் தகராறு செய்தது?

முன்னாள் மாணவர் முகவரிகளைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருந்தார்கள். அதை ஒட்டுகளுக்குள் போட்டு எக்ஸ்பாட்டிடம் கொடுத்தபோது மதுரை, திருச்சி எல்லாம் கடந்துபோயின. ஈரோட்டுக்காரர் வந்த வரியில் நின்றுவிட்டது. பாமினியில் தமிழ் எழுத்து என்று திரையில் தெரிவது உண்மையில் ஆங்கில விசைகளுக்குப் போட்ட தமிழ் உருவம்தான். அதில் ‘ஈ’ என்பதற்குரிய விசை எது தெரியுமா? ‘<’ என்னும் கோணக்குறி. ஈரோடு என்று நாம் படிப்பதை எக்ஸ்பாட் ஒரு புது ஒட்டின் தொடக்கம் என்று படிக்கிறது. ஈஸ்வரிக்கும் இதே கதிதான்.

நின்றது நல்லதாயிற்று. மதுரை கடந்துபோனது தமிழாக அல்ல, பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக. முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுகளைச் சேர்க்கவேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் மாற்றி நிரல் ஒட்டுகளையும் தமிழ் என்று எண்ணிக் குதறிவிடும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அ பிரிவுக் கோப்பின் கீழே ஆ பிரிவுக் கோப்பை அப்படியே ஒட்டினால் எக்ஸ்பாட் ஏற்காது. ஒரு கோப்புக்கு ஒரே ஒரு வெளி ஒட்டுதான். இரண்டையும் ஒரு புதிய ஒட்டுக்குள் அடக்கவேண்டும், இரண்டாவதன் தலைவரியை நீக்கவேண்டும். ஒட்டின் பெயர் எண்ணில் தொடங்கக்கூடாது. நடுவே வெற்றிடமும் கூடாது. தலைவரியில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டு நோட்பேடில் யூடிஎஃப்-16 ஆகச் சேமித்தால் குறிமுறை தவறு என்று சொல்லும்.

“இவ்வளவு சிறிய பிழையை அதுவே திருத்திக்கொண்டால் என்ன?” என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். உலகெங்கும் கேட்கும் கேள்விதான். வலைப்பக்கங்களில் உலாவிகள் அப்படித்தான் செய்கின்றன. மூடாத ஒட்டைத் தாமே மூடிக்கொள்கின்றன. 1990களில் ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதமாக ஊகித்ததில் ஒரே பக்கம் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகத் தெரிந்தது. எக்ஸ்எம்எல் விதிமுறை அந்த ஊகத்தையே தடை செய்கிறது. அமைப்புப் பிழையைக் கண்டபின் வழக்கம்போல் மேலே படித்துக்கொண்டு போகக்கூடாது என்பது பார்சருக்கு இட்ட கட்டளை. மதிப்பெண் பட்டியலில் ஊகம் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆனால் அதன் கண்டிப்பு அமைப்போடு நின்றுவிடுகிறது. வகுப்பு 88 என்று எழுதியிருந்தாலும் எக்ஸ்பாட் மறுக்காது. ஒட்டுகள் சரியாகத் திறந்து மூடியிருந்தால் அதற்குப் போதும். ‘யானை மரத்தில் கூடு கட்டியது’ என்ற வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் சரியாகவே இருக்கின்றன அல்லவா? பொருள் சரிதானா என்று பார்க்கும் வேலை நம்முடையது, அல்லது அதற்கென்று உள்ள வேறு கருவியுடையது.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. எக்ஸ்எம்எல்லில் ஒரு சொல்லுக்குச் சுருக்கப் பெயர் வைக்கலாம். அந்தச் சுருக்கத்தைப் பத்து முறை கொண்ட இன்னொரு சுருக்கம் வைக்கலாம். இப்படி ஒன்பது படி ஏறினால் பத்தின் ஒன்பதாம் அடுக்கு, அதாவது நூறு கோடி. ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு. மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை வைத்துத் தொடங்கினால், விரித்தபின் மூன்று ஜிகாபைட் உரை. கணினி திணறி நின்றுவிடும். ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்று இந்தத் தாக்குதலுக்குப் பெயர். 2021இல் வந்த எக்ஸ்பாட் 2.4.0 பதிப்பிலிருந்து, வந்ததைவிட விரிந்தது அளவுமீறிப் போனால் அது தானே நிறுத்திக்கொள்கிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ள இதுவே போதிய காரணம். அடுக்குகள் பாடம் நடத்தும் நாளில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிரும்.

நிரலைத் திருத்திய பிறகு எனக்கு ஒரு பயம் மிஞ்சியது. இந்த முறை சரியாக வந்தது வெட்டு வேறிடத்தில் விழுந்த அதிர்ஷ்டத்தால் என்றால்? அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “4096க்குப் பதிலா ஒண்ணுன்னு கொடுத்துப் பாருங்க மிஸ்” என்றாள். ஒவ்வொரு பைட்டாக ஊட்டினால் எல்லாப் பெயரும் எல்லா இடத்திலும் முறியும். அப்போதும் பட்டியல் மாறாமல் வந்தால் நிரல் சரி. பழைய நிரலை அப்படி ஓட்டிப் பார்த்தோம். பெயர் வரவேண்டிய இடங்களிலெல்லாம் வெறும் வால்கள். திருத்திய நிரலை ஓட்டினோம். 240 பெயர்களும் முழுதாக, முன்னெழுத்தோடு வந்தன.

அதன் பிறகுதான் அந்த ஒரு சான்றிதழை மறுபடி அச்சிட்டோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசித்து, கோகிலவாணியை மேடைக்கு அழைத்தவள் ஆ பிரிவு வாணி.